கூரையில் பட்டால் பூச்சியம்

அன்றைக்கு விளையாட்டு டோமுக்குள் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைவர். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்கிற ஊரில் இன்சூரன்ஸ் விற்கிறவர். ரீமுக்கு ஆள் எடுக்கிற எங்கள் தெரிவுக் கமிற்றிக்கு ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். வேறு ஒருவரும் அந்தக் கதிரையைக் கேட்கவில்லை.

கோச். அவுஸ்திரேலியாக்காரன். மனைவி இந்த ஊர்ப் பெண் என்றபடியால் இங்கே வந்து மாட்டுப்பட்டவன். டோமுக்குள்ளும் இரண்டு ஜக்கெற் போட்டிருப்பான்.

தர்ஷி. இங்கே பிறந்த பிள்ளை. யூனிவேர்சிற்றியில் கணக்குப் படித்தது. மார்க் பதிகிற ரப்லெற் அதின் கையில்.

குகன். டோமைப் பார்க்கிற ஆள். லைற் போடுவது, காற்றுப் பம்ப் பார்ப்பது, நேரம் முடிந்தால் எங்களைக் கலைப்பது அவனுடைய வேலை.

சிஃபானா. தெரிவுக்குப் பந்து உதைக்க வந்தவள். வயது முப்பத்திநாலு. கிழமை முழுக்கத் தன் நானாவோடு, அதுதான் அண்ணனோடு, வீடுகளுக்குத் தரை ரைல் பதிக்கிறவள்.

ஆறாவது நான். உதையைப் பார்த்து மார்க் போடுகிறவன்.

மார்க் போடுகிற இந்த வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தாருங்கோ என்று கமிற்றியில் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நீளமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் விளையாட்டு அவுஸ்திரேலிய உதைபந்து. பந்து முட்டை மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரு கையால் கீழே விட்டு, நிலத்தில் படமுதல் உதைக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் இதற்கு வேலை வெட்டியை விட்டுப்போட்டுச் சனம் போகும். ரொறன்ரோவில் பார்க்குக்கு நாய் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் பார்ப்பார்கள்.

நான் இதற்குள் வந்தது தற்செயல். வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டினேன். மதியச் சாப்பாட்டை வேலிப் பக்கம் நின்று சாப்பிடுவேன். வேலிக்கு அங்காலே பார்க். சில வெள்ளைக்காரர் பந்து உதைத்தார்கள். அதில் ஒருவன் குழாய் திருத்துகிற ஆள். சும்மாதானே நிற்கிறாய், வந்து பந்தை எடுத்துத் தா என்றான். போனேன். நாலு கோடை பந்து எடுத்துக் கொடுத்தேன். அவனுடைய பெயரை முதல் நாள் கேட்கவில்லை. பிறகு கேட்க வெட்கமாய்ப் போய்விட்டது. கடைசி வரைக்கும் தெரியாது.

அவன் எனக்குச் சொன்னது ஒன்றுதான். காலைப் பார்க்காதே, பந்தை விடுகிற கையைப் பார். கை பந்தை ஆடாமல் நேராக விட்டால் கால் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். கை ஆடினால் கால் எவ்வளவு கெட்டிக்காரக் கால் என்றாலும் பந்து கோணலாகத்தான் போகும்.

எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். உங்களுக்குத் தருகிற மார்க் போர்மில் இருபது கட்டம் இருக்கும். பத்தொன்பது கட்டமும் கமிற்றிக்காக.

இதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. மார்க் போடத் தொடங்கின முதல் வருடம் ஒருவன் வந்தான். செம்மஞ்சள் சப்பாத்து. விளம்பரத்தில் ஓடுகிற மாதிரி ஓடினான். இருபதுக்குப் பத்தொன்பது போட்டேன். முதல் மட்சில் அவன் உதைத்த பந்தைப் பக்கத்து ரெனிஸ் விளையாடுகிறவர்கள் கொண்டுவந்து தந்தார்கள். நான் மார்க் போட்டது சப்பாத்துக்கு. அது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது.

ஆனால் அது சின்னப் பிழை. பெரிய பிழை வேறு.

பதினொரு வருடத்துக்கு முதல், தெரிவை மார்ச் மாதத்தில் வைக்க முடிவெடுத்தார்கள். மார்ச்சில் வெளியே பனி. அதனால் மார்க்கத்தில் இந்த டோமை எடுத்தார்கள். டோம் என்றால் காற்றால் ஊதி நிமிர்த்தின பெரிய கூடாரம். மார்க் போடுகிற போர்மை என்னைச் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். நான் என் வாழ்நாளில் போர்ம் நிரப்பித்தான் இருக்கிறேன், செய்ததில்லை. என்ன எழுதுவது என்று டோமைச் சுற்றிப் பார்த்தேன். வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு நோட்டீஸ் இருந்தது. மேலே லைற் தொங்குகிறது, பந்து கூரையில் படக்கூடாது என்று.

சுவரில் எழுதி மாட்டினது போர்மிலும் இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். கடைசிக் கட்டத்தில் எழுதினேன். கூரையில் பட்டால் பூச்சியம்.

அதை லைற்றுக்காக எழுதினேன். லைற்றுக்காக என்று எழுதவில்லை. நீங்கள் போர்மில் ஒரு வரி சேர்த்தால், ஏன் சேர்த்தது என்று பக்கத்தில் எழுதி வையுங்கோ. எழுதாவிட்டால் மற்றவர்கள் காரணம் கண்டுபிடிப்பார்கள்.

கண்டுபிடித்தார்கள். இரண்டாம் வருடம் ஒருவர் ஏன் கூரை என்று கேட்டார். இன்னொருவர், உயரப் போகிற பந்து கட்டுப்பாடு இல்லாத பந்து என்று விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். படித்த ஆட்கள் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாமல் ஏதும் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு இப்போதைய தலைவர் வந்து பதினாலு பக்கத்தில் ஒரு புத்தகம் அடித்தார். தாழ்ந்த உதை, வடநாட்டுப் பாணி. அட்டையில் ஒரு வாத்து தாழப் பறக்கும். றிச்மண்ட் ஹில்லிலும் யூனியன்வில்லிலும் பிள்ளைகளின் தகப்பன்மார் அதை வாங்கிக்கொண்டுபோய், வீட்டுப் பின்வளவில் தோளுயரத்துக்குக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்குக் கீழால் உதைக்கப் பழக்கினார்கள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ரீம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும். போனமுறை பெண்கள் ரீம் போனது. எல்லாரும் நாங்கள் தெரிந்தெடுத்த தாழ்ந்த உதைக்காரர். வீடியோவில் பார்த்தேன். அவுஸ்திரேலியப் பெண்கள் ஓடவில்லை, பாயவில்லை. நின்ற இடத்தில் கையை நீட்டினார்கள். எங்கள் பந்து கைக்குள் வந்து இருந்தது. பஸ்ஸில் ரிக்கெற் வாங்குகிற மாதிரி வாங்கினார்கள். எல்லா மட்சும் தோல்வி.

கமிற்றி அறிக்கை எழுதியது. காரணம் நேர வித்தியாசமும் சாப்பாடும். இனிமேல் செய்ய வேண்டியது, இன்னும் தாழ உதைப்பது. நான் அதில் கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்து மூன்றாவதாக இருக்கிறது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ரீமுக்கு இருபத்தாறு பேர் வேண்டும். இருபத்தைந்து எடுத்தாகிவிட்டது. ஒரு இடம் இருந்தது. சிஃபானா அதற்குத்தான் வந்தாள். மூன்றாம் தரம். ஆறு வருடத்துக்கு முதல் ஒரு தரம், மூன்று வருடத்துக்கு முதல் ஒரு தரம் வந்து, இரண்டு தரமும் கூரையில் அடித்துப் பூச்சியம் வாங்கிப் போனவள். போட்டது நான்.

ஆளுக்கு நாலு உதை. நாலில் நல்லது ஒன்று கணக்கு.

உதைக்க முதல் அவள் என் பக்கம் வந்து நின்று முழங்காலைத் தேய்த்தாள்.

"அங்கிள், இந்த முறையும் கூரை எண்டா நான் இனி வரமாட்டன்."

"ஏன்?"

"முழங்கால் முடிஞ்சு போச்சு. நாள் முழுக்க முழங்கால்லதானே நிக்கிறன். இன்னும் மூணு வருசம் தாங்காது. நானாட்ட ஒரு மாசம் லீவு கேட்டு வச்சிருக்கன். மனுசன் ஒரு வார்த்தை பேசல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"போய் உதை," என்றேன். மார்க் போடுகிறவன் அதற்கு மேல் கதைக்கக் கூடாது.

முதல் உதை. நான் கையைப் பார்த்தேன். ஈரச் சாந்தின் மேல் ரைல் வைக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வைத்தபிறகு கை எடுக்கிறது தெரியாது. அப்படி விட்டாள். பந்து எழும்பிப் போய்க் கூரைச் சீலையில் டொப் என்று அடித்தது. கூரையின் உட்பக்கத்தில் வேர்த்திருந்த தண்ணீர் தலைவரின் தலையில் கொட்டியது.

"பூச்சியம்," என்றார் தலைவர், தலையைத் துடைத்துக்கொண்டு.

இரண்டாம் உதை. அதே கை. அதே கூரை. தலைவர் இந்தமுறை தள்ளி நின்றார்.

"பிள்ளை, புத்தகம் வாசிச்சனீரோ?" என்று கேட்டார்.

"வாசிச்ச அங்கிள். வாத்துப் படம் வடிவு."

மூன்றாம் உதைக்கு அவள் வேண்டுமென்று தாழ உதைக்கப் பார்த்தாள். அதற்காகக் கையைத் தாழ்த்தி, பந்தைத் தள்ளி விட்டாள். கை ஆடியது. பந்து பக்கவாட்டில் பறந்துபோய்க் குகனின் கோப்பிக் கோப்பையைத் தட்டியது.

"என்னையும் தெரிவு செய்யிறியளோ?" என்றான் குகன்.

பதினொரு வருடத்துக்கு முதல் நான் எழுதின வரி, ஒரு நல்ல கையை என் கண்ணுக்கு முன்னால் பழுதாக்கியது. ஒரு உதை மிச்சம். இதையும் தாழ உதைத்தால் கை ஆடும். உயர உதைத்தால் பூச்சியம். இரண்டில் எது செய்தாலும் அவள் வீட்டுக்குப் போவாள்.

"நிப்பாட்டுங்கோ," என்றேன். "நாலாவதை வெளியில போய் உதைக்கட்டும்."

தலைவர் என்னைப் பார்த்தார். "அண்ணை, வெளியில மைனஸ் ஒன்பது."

"ஓம்."

"போர்மில வெளியில எண்டு ஒரு கட்டமும் இல்லை."

"அந்தப் போர்ம் நான் செய்தது. கூரை எண்ட வரி நான் எழுதினது. உந்த நோட்டீசைப் பாத்து எழுதினனான். லைற் உடையக்கூடாது எண்டு. உதைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

தலைவர் என் தோளில் கை வைத்தார். நோயாளியைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். "அண்ணை, உங்களுக்கு வயசு. ஞாபகம் பிசகும். உது அவுஸ்திரேலியா விதி. நான் ஒன்பது வருசமா உதையைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறன்."

பிறகு கோச் பக்கம் திரும்பி, கூரை விதி உங்கள் நாட்டு விதிதானே என்று இங்கிலிஷில் கேட்டார். கோச் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"நாங்கள் விளையாடுற இடத்தில கூரையே இல்லை. கூரைக்கு எப்பிடி விதி வைக்கிறது? நான் அதைக் கனடாச் சட்டம் எண்டு நினைச்சன். பாதுகாப்புக்கு வச்சது எண்டு."

"அஞ்சு வருசமா இருக்கிறாய். கேட்டிருக்கலாமே?" என்றார் தலைவர்.

"வந்த நாட்டில சட்டத்தைப் பற்றிக் கேள்வி கேக்காதை எண்டு மனிசி சொன்னவ."

குகன் கோப்பியைத் துடைத்து முடித்து நிமிர்ந்தான். "எந்த லைற்றை அண்ணை சொல்லுறியள்?"

"மேல தொங்கிற லைற்."

"அது கழட்டி ஏழு வருசம். இப்ப எல்லாம் சுவர்ப் பக்கம்."

எல்லாரும் மேலே பார்த்தோம். வெள்ளைச் சீலை. ஒரு லைற்றும் இல்லை. பந்து கூரையில் படுகிறதா என்று ஏழு வருடம் உற்றுப் பார்த்த ஆட்கள் நாங்கள்.

"அப்ப நோட்டீஸ் ஏன் இன்னும் கிடக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"ஆணி இறுகிப்போச்சு. இழுத்தால் சுவர் வரும்."

தர்ஷி ரப்லெற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "சோ பேசிக்கலி, அந்த ரூலுக்கு ஒரு ரீசனும் இல்லை."

"பிள்ளை, அப்பிடிச் சொல்லக்கூடாது," என்றார் தலைவர். "புத்தகம் ரெண்டாம் பதிப்பு அச்சில கிடக்கு."

அவர் குரல் இறங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் எழுதின ஒரு வரியை நம்பிப் பதினாலு பக்கம் எழுதின மனிசன்.

"ஒரு உதைதானே," என்றேன். "பிழைச்சால் நான் பூச்சியம் போட்டுக் கையெழுத்து வைக்கிறன்."

சிஃபானா பந்தை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் போகாமல் இருக்க முடியாது. கோச் மூன்றாவது ஜக்கெற் போட்டுக்கொண்டு வந்தான்.

டோமுக்குப் பின்னால் ஒரு வெளி. புல் கல் மாதிரி இருந்தது. வாத்து எச்சம் உறைந்துபோய்க் கிடந்தது. அங்கால் பார்க்கிங் லொட்டில் வழித்துக் குவித்த பனி, ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்பாக நின்றது.

"எந்தப் பக்கத்தால காத்து, அங்கிள்?"

நான் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கும் இது வரும். சொல்ல வேண்டும் போல இருக்கும். சொன்னால் பிறகு நீங்கள் மார்க் போடுவது உங்களுக்கு.

அவள் கையுறையைக் கழட்டினாள். விரலை ஊதினாள். ஓடினாள். நான் கையைப் பார்த்தேன். கை ஆடவில்லை.

பந்து எழும்பியது. டோமின் உயரத்தைத் தாண்டியது. இன்னும் போனது. மேலே காற்றுப் பிடித்து அதைக் கொஞ்சம் தள்ளியது, பந்து அதற்குள்ளாலே சுழன்று முன்னே போனது. நான் பதினொரு வருடம் டோமுக்குள் நின்று மார்க் போட்டவன். ஒரு பந்து தான் போக வேண்டிய உயரத்துக்குப் போவதை மறந்துபோயிருந்தேன். பனிக் குவியலுக்கு அங்காலே விழுந்தது. விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை.

கோச் தூரம் அளக்க அடி எடுத்து நடக்கத் தொடங்கினான். பாதி வழியில் நின்றான். "குளிருது. காணும்," என்றான். அவன் முகத்தில் நான் முதல்முறை ஊர் ஞாபகத்தைப் பார்த்தேன்.

இனித்தான் தீர்ப்பு. இதைக் கவனமாகக் கேளுங்கோ.

தர்ஷி கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டு வந்து கடைசிக் கட்டத்தில் நின்றது. "சீலிங் கேக்குது. பட்டதா, படேல்லையா?"

"கூரை இல்லை," என்றேன்.

"ஓகே, தென் நொட் அப்ளிக்கபிள் போடுறன்."

போட்டது. கூரையில் படாத பந்துக்கும் எவ்வளவு தாழப் போனது என்று பார்த்துத்தான் அந்தக் கட்டத்தில் மார்க். பொருந்தாது என்று போட்டால் ரப்லெற் அதற்கு முழு மார்க்கும் கொடுக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இதுவரைக்கும் யாருக்கும் அப்படிப் போட்டதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இந்தக் கமிற்றி யாருக்கும் கொடுக்காத மார்க்.

தலைவர் ரப்லெற்றை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மெஷின் சொன்னால் சரிதான்," என்றார்.

அப்படித்தான் சிஃபானா ரீமுக்குள் போனாள். கையைப் பார்த்து ஒருவரும் எடுக்கவில்லை. நான் எழுதின ஒரு பிழையால் இரண்டு தரம் வெளியே போனவள், ரப்லெற்றில் இருந்த இன்னொரு பிழையால் உள்ளே வந்தாள். எங்கள் கமிற்றி நீதி செய்த நாள் என்றால் அதுதான்.

தலைவருக்கும் நட்டமில்லை. இரண்டாம் பதிப்பை நிறுத்தி ஒரு புது அதிகாரம் சேர்த்தார். வெளியில் உதைக்கும்போது கவனிக்க வேண்டியவை. கூரை விதியையும் எடுக்கவில்லை. கூரை உள்ள இடங்களில் மட்டும் என்று அடியில் எழுதினார். தெரிவு இன்னும் டோமுக்குள்தான் நடக்கிறது.

மற்றவர்கள் உள்ளே போனபிறகு சிஃபானா வாங்கிலில் இருந்து சப்பாத்துக் கழட்டினாள். சந்தோசப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"லைற் கழட்டி ஏழு வருசமா, அங்கிள்?"

"ஓம்."

"அப்ப நான் முதல் முதல் வரக்குள்ளயே லைற் இல்ல."

"இல்லை."

"ரெண்டு தரமும் நீங்கதான் பூச்சியம் போட்ட."

"ஓம்."

"என்ட கை நல்லம் எண்டு அப்பவும் தெரியுமா?"

பொய் சொல்லலாம். சொல்லவில்லை. "தெரியும்," என்றேன்.

அவள் ஒரு சப்பாத்தைப் பையில் வைத்தாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நான் மூணு தரம் வந்த. எனக்கு ரோசம் கூட. மத்த ஆக்கள் ஒரு தரத்தோட போயிருப்பாங்க. எத்தின பேர், அங்கிள்?"

"எண்ணேல்லை."

"எண்ணுங்க," என்றாள். ஏச்சு இல்லை. ரைல் எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அடுத்த நாள் தலைவருக்கு ரெலிபோன் எடுத்து விலகுகிறேன் என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எனக்கு ஒரு பிரியாவிடை வைத்து, வாத்துப் படம் போட்ட கேடயம் தந்தார்கள்.

ஞாயிறு காலமை பேஸ்மென்றில் இறங்கினேன். முதல் ஆறு வருடப் போர்மும் கடதாசி. ஒரு பெட்டிக்குள் இருந்தது. மிச்சத்தைத் தர்ஷி அடித்து அனுப்பியது. மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு போர்மின் ஓரத்திலும் என் குறிப்பு இருந்தது; ரப்லெற் போர்மில் நான் சொல்லத் தர்ஷி தட்டினது. என்னுடைய ஞாபகத்துக்கு எழுதுவது. சிலவற்றில் கை ஆடுது. சிலவற்றில் கை நல்லம்.

கை நல்லம் என்று நானே எழுதி, அதற்குக் கீழே கூரைக்குப் பூச்சியமும் நானே போட்டவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். இரண்டு தரம் வந்தவர்களை ஒரு ஆளாக எடுத்தேன். மனிசி படியில் நின்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டா. பழைய வேலை என்றேன்.

எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன்.

நாற்பத்தொன்று.